பராக்கு

பள்ளிக்கூடத்தைப் பற்றி நம் நண்பர்களிடையே பேச்சு வந்தால் அது அநேகமாக ஒரே திசையில்தான் போகும். பள்ளிக்கூடம் ஒரு ஆலை, குழந்தை அதன் கச்சாப் பொருள், மதிப்பெண் அதன் முத்திரை. கிளிக்குக் கல்வி புகட்டப்போய், கடைசியில் அதன் வயிற்றில் காகிதம் மட்டும் மிஞ்சிய கதையை தாகூர் 1918இல் எழுதினார். நாமும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்லி வருகிறோம். இதில் ஒரு சுய திருப்தியும் உண்டு. நம்மில் எழுதுகிறவர்கள் எல்லோருமே வகுப்பறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள். கவனம் சிதறியவன் கவிஞனாகிறான், கவனித்தவன் குமாஸ்தாவாகிறான் என்று ஒரு சமன்பாடு. இரண்டுமாக இருக்கும் எனக்கு அது கொஞ்சம் இடிக்கும். ஆனாலும் நம்பித்தான் இருந்தேன். அந்த நம்பிக்கை இப்போது இல்லை. காரணம் எந்தப் புத்தகமும் இல்லை. என் கவுண்டரில் நடந்த சிறு விஷயம்.

குடியிருப்பு கணபதியில். வங்கியில் எழுத்தர் வேலை. சத்தி சாலையிலிருந்து எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு லேத்துப் பட்டறையோ, வார்ப்படப் பட்டறையோ, பம்ப் உதிரிபாகம் செய்யும் ஷெட்டோ கண்ணில் படும். கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விரல் நகத்தில் கிரீஸ் கறையோடு வருவார்கள். அவர்களில் ஒருவர் டர்னர். ஏறத்தாழ என் வயது. பம்ப் ஷாஃப்ட் கடைகிறார். மைக்ரோமீட்டரில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் படித்துச் சொல்லிவிடுவார். ஆனால் பணம் எடுக்கும் சலானில் தொகையை எழுத்தால் எழுத வேண்டிய இடம் வந்ததும் அதை என் பக்கம் தள்ளுவார். "ஏனுங் சார், நீங்களே எழுதிப் போட்டுருங்களேன்." நானும் வருஷக்கணக்கில் எழுதிக் கொடுத்து வந்தேன். வரிசை நீளமாக இருக்கும்போது அதுதான் சீக்கிரம் முடிகிற காரியம்.

அவர் எட்டாவது வரை பள்ளிக்கூடம் போனவர். சான்றிதழ் இருக்கிறது. கையெழுத்து இம்மி பிசகாமல் ஒரே மாதிரி விழும். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது, அவர் அதை எழுதவில்லை, வரைகிறார். ஒருநாள் கூட்டம் குறைவு. எட்டு வருஷம் என்னதான் செய்தீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். சிரித்தார். "ஜன்னலோரம் உக்காந்து பராக்குப் பாத்துட்டிருந்தனுங். எதுர்ல லேத்துப் பட்டறை. இரும்பு சீவல் சீவலாச் சுருண்டு விழும் பாருங், அதையே பாத்துட்டிருந்தா பெல் அடிச்சுரும்."

இதை நண்பர்களிடம் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவர், இது அப்படியே ஒரு கவிதை என்றார். எனக்கும் ஒரு கட்டுரை எழுதத் தோன்றியது. பராக்கு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பராக்குப் பார்ப்பது என்றால் கவனமில்லாமல் வேடிக்கை பார்ப்பது. ஆனால் ராஜா சபைக்கு வரும்போது கட்டியக்காரன் 'பராக்! பராக்!' என்று கூவியது எல்லோரும் கவனிக்க வேண்டும் என்பதற்காக. ஒரே சொல் கவனத்துக்கும் கவனமின்மைக்கும். இங்கே நிற்கிறவனுக்குக் கவனமின்மையாகத் தெரிவது அங்கே பார்க்கிறவனின் கவனம். கரும்பலகையைப் பார்க்காத சிறுவன் இரும்பைப் பார்த்தான். இரும்பு அவனுக்கு வாத்தியார். எத்தனை சௌகரியமான முடிவு. நல்ல வேளையாக அந்தக் கட்டுரையை எழுதவில்லை.

பின்பு நடந்தது இது. பட்டறைக் கூட்டாளி ஒருவர் கடன் வாங்கினார். அதற்கு டர்னர் கையெழுத்துப் போட வந்தார். சாட்சிக் கையெழுத்து என்று கூட்டாளி அவரிடம் சொல்லியிருக்கிறார். அது ஜாமீன். படிவம் தமிழிலும் இருந்தது. மொழியைக் குற்றம் சொல்ல முடியாது. வழக்கம்போல், கையெழுத்து விழ வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தாள்களை நீட்டினேன். மூன்று இடத்திலும் அவர் தம் அழகான கையெழுத்தை வரைந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். நானும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு தவணை நின்றது. கூட்டாளி ஊரில் இல்லை. மகளுக்கென்று டர்னர் போட்டு வைத்திருந்த வைப்புத் தொகையிலிருந்து கடன் ஈடு செய்யப்பட்டது. எல்லாம் விதிப்படி. அவர் கவுண்டருக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. "நீங்க குறி போட்ட எடத்துலதானுங் போட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஜன்னலைப் பற்றிய கவிதை எனக்குச் செத்துவிட்டது. அவர் பராக்குப் பார்த்தது பொய்யில்லை. அந்தப் பார்வையால்தான் இன்றும் சாப்பிடுகிறார். ஆனால் அதை அழகென்று கொண்டாட எனக்கு என்ன உரிமை? வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்கத் தெரியாதவனின் சுதந்திரத்தைப் புகழ்வதில் ஒரு அசிங்கம் இருக்கிறது. இத்தனை நாளும் அது என் கண்ணில் படவில்லை.

கல்வித்துறைக் காகிதங்களில் இரண்டு சொற்கள் ஓயாமல் வரும். ஒன்று ஈடுபாடு, மற்றது கற்றல் விளைவு. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2017இல் எட்டாம் வகுப்பு வரைக்குமான கற்றல் விளைவுகளை வகுப்பு வாரியாகப் பட்டியலிட்டு வெளியிட்டது. அதைப் பார்த்தபோது சிரித்தேன். குழந்தையை நெல் வயலாக்கி மூட்டை எண்ணுகிறார்கள் என்று சொன்னதாகக்கூட ஞாபகம். இப்போது யோசித்தால், முன்பின் பார்க்காத ஒரு பத்தியைப் படித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று புரிந்துகொள்ளும் திறன் ஆரம்ப வகுப்புகளிலேயே வர வேண்டும் என்றுதான் அந்தப் பட்டியலும் கேட்கிறது. டர்னருக்கு அன்று வேண்டியிருந்தது அது ஒன்றுதான். விளைவு என்றால் மகசூல் மட்டும் இல்லை, பின்விளைவும்தான். ஈடு என்பதற்கும் என் தொழிலில் ஒரே அர்த்தம்: திரும்பி வராவிட்டால் இழக்கச் சம்மதித்து ஒருவன் முன்வைக்கும் பொருள். ஈடுபாடு என்ற சொல்லின் வேரைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு குழந்தை வகுப்பில் ஈடுபடுவது என்பதில் எனக்குக் கேட்பது இந்த அர்த்தம்தான். அது எதையோ பணயமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் அளந்து பார்த்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1862இல் ஒரு விதித்தொகுப்பு வந்தது. பள்ளிக்கு அரசு தரும் மானியத்தின் பெரும்பகுதி, ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஆய்வாளர் முன் தேறுவதைப் பொறுத்தது. நாம் பி.ஏ. வகுப்பில் கவிஞராகவும் விமர்சகராகவும் படித்த மாத்யூ ஆர்னால்ட் 1851 முதல் முப்பத்தைந்து வருஷம் பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டது அவர் பிழைப்பு. இந்த ஏற்பாட்டை அவர் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ தெரியாத பிள்ளையையும் இந்தப் பரீட்சைகளில் தேற வைத்துவிட முடியும் என்பது ஆய்வாளராக அவர் கண்டது. பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டால் போதுமே. பரீட்சை முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. என் டர்னர் தம் கையெழுத்தை வரைவது போல, ஒரு தேசமே வாசிப்பை வரைந்து காட்டியது.

இன்னொரு பழைய கதையும் இதோடு சேர்ந்தது. எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி நிர்வகித்து வந்தார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். விடுதி ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டு சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைக்குப் புதிய விஷயமில்லை இது. பெல் 1797இல் இதைப் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரு ஆசிரியர், சட்டாம்பிள்ளைகளின் அணிவகுப்பு. ஒரு குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு குழந்தைக்குக் காட்டிய விரலெழுத்து மலிவான ஆள்சேர்ப்பு முறையாகிவிட்டது. திண்ணையை நினைத்து ஏங்கவும் நான் தயாரில்லை. அங்கே கோதண்டம் இருந்தது. யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற சாதிக்கணக்கும் இருந்தது.

ஆக, அளக்காவிட்டால் ஒரு அநியாயம், அளந்தால் வேறொரு அநியாயம். இந்த இடத்தில்தான் நான் வெகுநாள் மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வர எனக்கு உதவியது என் சொந்தத் தொழில். கல்வியை வங்கித் தொழிலோடு ஒப்பிட்டுக் கண்டித்தவர் பாவ்லோ ஃப்ரெய்ரே. 1970இல் ஆங்கிலத்தில் வந்த அவர் புத்தகத்தில், ஆசிரியர் பணம் போடுகிறவர், மாணவன் வெறும் பெட்டி. நம் வட்டத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் உருவகம் இது. பெட்டியை அவர் சாடுவது நியாயம். ஆனால் வங்கியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதில் ஒரு கணக்குப் பிழை தெரியும். வைப்பு என்பது போடுகிறவனின் சொத்து, வாங்கி வைத்திருக்கும் வங்கிக்கு அது கடன். புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் குழப்பமாக இருக்கும் விஷயமும் இதுதான். பெட்டி நிறைய நிறைய வங்கியின் கடன் கூடுகிறது.

பள்ளிக்கூடத்தில் உண்மையில் வைப்புப் போடுகிறவர் யார்? 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்துக்கு 800 மணி நேரமும், அடுத்த மூன்று வகுப்புகளுக்கு 1000 மணி நேரமும் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. எட்டாவது முடிப்பதற்குள் 7000 மணி நேரம். டர்னர் படித்தது அதற்கு முந்தைய காலம் என்றாலும் கணக்கு ஏறத்தாழ இவ்வளவுதான் வரும். ஒரு மனிதன் தன் ஆயுளில் மிகக் கூர்மையான கண்ணும் காதும் உள்ள காலத்திலிருந்து 7000 மணி நேரத்தைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் செலுத்துகிறான். அவன் கேட்டுச் செலுத்தவில்லை, சட்டமும் பெற்றோரும் செலுத்த வைத்தார்கள். செலுத்தியபின் அது பள்ளிக்கூடத்தின் கடன். பரீட்சை என்பது அந்தக் கடன் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பார்க்கும் பாஸ்புக். இதைப் புரட்டிப் போட்டு மாணவனின் பெயரில் பற்று எழுதிவிட்டோம். அவன் தோற்றான், அவன் மக்கு, அவனுக்கு ஈடுபாடு இல்லை. 2019இல் தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். ரத்தானது நல்லதுதான். ஆனால் எல்லோரும் தேர்ச்சி என்று எழுதிவிடுவதாலும் கடன் அடைந்துவிடாது. வராக்கடனை ஏட்டில் மறைப்பது எப்படி என்று எங்களுக்கும் தெரியும்.

குழந்தையின் கவனத்தை அதன் சொத்தாக மதித்த ஒரு முயற்சி நம் மாநிலத்திலேயே நடந்தது. செயல்வழிக் கற்றலைத்தான் சொல்கிறேன். ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைமுறையிலிருந்து கற்றுக்கொண்டு, அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இதைத் தொடங்கினார். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்து ஒரு ஏணியில் அடுக்கப்பட்டது. குழந்தை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து அட்டையை எடுக்கும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்து தொடரும். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடியிருக்காது. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். கடைசி பெஞ்சு என்ற ஸ்தாபனமே இல்லாமல் போனது. ஜன்னலோரத்துச் சிறுவனைப் பற்றி யாரோ நிஜமாக யோசித்திருக்கிறார்கள் என்று இதில் தெரிகிறது.

2007-08இல் இது மாநிலம் முழுவதற்கும் ஆணையாகப் போனது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். ஒரு முறை ஆணையாக மாறும்போது அதன் உடல் போகும், உயிர் போகும் என்று உத்தரவாதம் கிடையாது. தரையில் உட்காருவது சுற்றறிக்கையாகலாம், குழந்தையின் பக்கத்தில் உட்காருவது ஆகாது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிற்கும் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. அழகான பெயர்கள். ஆனால் மலரை எண்ணிச் செயலியில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பென்சில் குறி போட்டவன் நான்.

இந்த இடத்தில் என் தெருவில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஆரம்ப வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அதே சமயத்தில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தெருவிலேயே இருக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லித்தந்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் தெருவில் பி.காம். படித்த ஒரு பெண் தன் வீட்டு வாசலில் பாய் விரித்தாள். திண்ணை திரும்பி வந்தது, இந்தத் தடவை சாதி கேட்காமல். டர்னரின் மகளும் அதில் ஒருத்தி. பின்னால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த ஒரு ஆய்வு, பள்ளி மூடியதால் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஆறே மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் என்றும் கண்டது. எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு அந்த எண்ணை விளங்க வைத்தது வேறொன்று. வேலை முடிந்து வரும்போது ஒருநாள் நின்று பார்த்தேன். ஒரு பையன் புத்தகத்தை விட்டுவிட்டுத் தெருநாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பெண் அதட்டவில்லை. அவளும் திரும்பி நாயைப் பார்த்தாள். "என்ன கண்ணு, கால் நொண்டுதா?" என்றாள். ஆமாக்கா என்றான். கொஞ்ச நேரம் இருவரும் பார்த்தார்கள். பிறகு இருவருமாகப் புத்தகத்துக்குத் திரும்பினார்கள். அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. யாருக்கு எந்த எழுத்து தடுமாறுகிறது என்று அதில் குறித்து வைத்திருந்தாள். பிள்ளைகளிடம் அதைக் காட்டுவதில்லையா என்று கேட்டேன். "அது எனக்குங் சார், அதுகளுக்கு எதுக்கு?" என்றாள்.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ இதுதான். அளவுகோல் தேவை. அது கடன்பட்டவனின் கையில் இருக்க வேண்டும். கவனத்தைக் கேட்டு வாங்க முடியாது. முதலில் நாம் செலுத்த வேண்டும்.

சிமோன் வெய்ல் 1942இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பள்ளிப் படிப்பின் உண்மையான பயன் கவனத்தைப் பழக்குவதே என்கிறார். ஒரு வடிவகணிதக் கணக்கோடு போராடித் தோற்றாலும் அந்த முயற்சி வீணாகாது. துன்பப்படுகிற இன்னொரு மனிதனை நிஜமாகப் பார்க்கும் சக்தியும் அதே கவனம்தான் என்பது அவர் வாதம். 1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் யந்திரத்தின் முன் நின்று வேலை செய்தவர் இதைச் சொல்லும்போது மதிப்புக் கூடுகிறது. ஆனாலும் முழுக்க ஏற்க முடியவில்லை. தோற்ற முயற்சியும் வீணில்லை என்ற ஆறுதல், ஏற்கனவே வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் செல்லுபடியாகும். டர்னரிடம் கவனத்துக்குக் குறைவே இல்லை. எழுத்துதான் இல்லை. அவர் வார்த்தையில் எனக்கு உறைப்பது மற்றப் பாதி. அன்று அந்த மேஜையில் கவனம் தவறியது யார்? எழுத்து என்னிடம் இருந்தது, கவனம் அவரிடம் இருந்தது. நான் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், வரிசையை.

இப்போது பென்சில் குறி போடுவதில்லை. படிவத்தில் இருப்பதை உரக்க வாசிக்கிறேன். ஜாமீன் என்றால் என்ன, கடன் நின்றால் யார் கட்ட வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு ஆளுக்கு நாலைந்து நிமிஷம் பிடிக்கிறது. பின்னால் நிற்பவர்கள் முனகுகிறார்கள். மேலே இருப்பவர்களுக்கும் பிடிக்கவில்லை. வாசித்துக் காட்டுவது வாசிக்கக் கற்றுக்கொடுப்பது ஆகாது என்பதும் தெரியும். அந்த 7000 மணி நேரம் யார் கணக்கிலோ தீராமல் அப்படியே நிற்கிறது. டர்னர் இன்னும் வருகிறார். சலானை என் பக்கம் தள்ளுவதற்கு முன்பு ஒரு கணம் அதை வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஒரு கணத்தை நான் அவசரப்படுத்துவதில்லை.